மாணவர்கள் எடுத்த பதின்வயதுப் படம்: விநியோகத்தை யாரிடம் கொடுப்பது?

வாசகர் கேள்வி, ஜூன் 3

கல்லூரி இறுதியாண்டில் நண்பர்கள் சேர்ந்து எடுத்த முழுநீளப் படம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கதை. நடித்தவர்களில் பாதிப் பேருக்கு அப்போது 18 ஆகவில்லை. இப்போது இரண்டு இடங்களில் கேட்கிறார்கள். ஒன்று பெரிய கம்பெனி: உலக உரிமை முழுவதும், 15 வருடம், அட்வான்ஸ் கிடையாது. இன்னொன்று சின்ன ஆள்: ஓடிடி மட்டும், ஏற்றிக் கொடுக்க முன்கூட்டியே கட்டணம். பெரிய கம்பெனிக்குக் கொடுப்பதுதான் சரி என்பது என் கட்சி. பெயர் இருந்தால் அடுத்த படத்துக்கு உதவும். தப்பா?

ஜூன் 3, மாலை

தப்பு என்று சொல்ல மாட்டேன். பெயருக்கு மதிப்பு உண்டு. ஆனால் போகிற போக்கில் நீங்கள் சொல்லிவிட்டுப் போன எண்தான் என் கண்ணில் பட்டது: 15 வருடம். படம் உங்கள் கைக்குத் திரும்பும்போது, அதில் பள்ளிச் சீருடையில் வந்த பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருப்பார்கள்.

அட்வான்ஸோ மினிமம் கேரண்டியோ (படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் தருவதாக உறுதி சொல்லும் தொகை, சுருக்கமாக எம்.ஜி.) கொடுத்தவர், போட்ட பணத்தை எடுப்பதற்காகவாவது நாலு பேருக்குப் போன் போடுவார். ஒன்றும் போடாதவருக்கு அந்த அவசரம் இருக்காது. மாணவர் படத்துக்கு எம்.ஜி. கிடைப்பது அபூர்வம், அதனால் தரவில்லையே என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். பணம் தராதவரிடம் வருடத்தைக் குறைத்துக் கேளுங்கள். அது நியாயமான பேரம்.

ஜூன் 3, இரவு

இன்னொன்று. பெரிய கம்பெனியின் பட்டியலைத் திறந்து நாலைந்து வருடத்துக்கு முன் அவர்கள் எடுத்த சின்னப் படங்களை மட்டும் பொறுக்குங்கள். நட்சத்திரம் இல்லாதவை, முதல் படங்கள், முடிந்தால் பதின்வயதுக் கதைகள். அவை இன்றைக்கு எந்தத் தளத்தில் ஓடுகின்றன என்று தேடிப் பாருங்கள். எங்குமே இல்லையென்றால் விடை கிடைத்துவிட்டது.

அப்புறம் அந்த இயக்குநர்களுக்கு எழுதுங்கள். "கம்பெனி எப்படி?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் பதில் வரும். "கடைசியாகக் கணக்கு எப்போது வந்தது?" என்று கேளுங்கள். அதற்கு வரும் பதிலில் எல்லாம் தெரிந்துவிடும்.

ஜூன் 5

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஏன் இப்படிப் பேசுகிறேன் என்று புரியாது.

நாங்கள் கல்லூரியில் எடுத்ததும் பள்ளிக்கூடப் படம்தான். எடிட்டிங் என்னுடையது, தயாரிப்புக் கணக்கும் என் தலையில். எங்களை எடுத்துக்கொண்ட கம்பெனி முதலில் செய்த காரியம் போஸ்டரை மாற்றியது. எங்கள் போஸ்டரில் மூன்று பிள்ளைகள் சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பார்கள். புதுப் போஸ்டரில் நீல லாக்கர்கள் வரிசையாக நிற்க, ஒரு பெண் அதில் சாய்ந்துகொண்டிருந்தாள். எங்கள் படத்தில் லாக்கரே கிடையாது. அந்தப் பெண்ணும் கிடையாது. ஏதோ ஸ்டாக் போட்டோ.

கேட்டதற்கு, "சின்னக் கட்டத்தில் பார்க்கும்போதே என்ன படம் என்று தெரிய வேண்டும்" என்றார்கள். இப்போது யோசித்தால் அதில் பாதி நியாயம் இருக்கிறது. போனில் போஸ்டர் கட்டைவிரல் அளவுதான், எங்கள் மூன்று முகங்களும் அதில் புள்ளிகளாகப் போயிருக்கும். ஆனால் படத்தில் இல்லாத பெண்ணை ஒட்டுவது வேறு விவகாரம். முதல் விமர்சனத்திலேயே ஒருவர், "போஸ்டரில் இருக்கும் பெண் எப்போது வருவாள் என்று கடைசிவரை காத்திருந்தேன்" என்று எழுதி ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போனார்.

அடுத்தது டீசர். கம்பெனி படத்தை யூடியூபின் கன்டென்ட் ஐடியில் சேர்த்தது. அது படத்தின் எந்தத் துண்டு யூடியூபில் எங்கே ஏறினாலும் கண்டுபிடித்து உரிமை கோரும். சில நாட்களில் எங்கள் சொந்தச் சேனலில் கிடந்த டீசருக்கே உரிமைக் கோரிக்கை வந்தது. எங்கள் படத்தை நாங்களே திருடிவிட்டோமாம். நடித்த பிள்ளைகள் தங்கள் யூடியூப் பக்கங்களில் ஆசையாகப் போட்ட துணுக்குகளும் மாட்டின. பதின்வயதுப் படத்துக்கு அந்தப் பிள்ளைகளின் பக்கங்களைவிடப் பெரிய விளம்பரம் எது? அதையே பூட்டிவிட்டார்கள். விடுவிக்கச் சொல்லி எழுதி, பதில் வருவதற்குள் வெளியீட்டின் சூடே ஆறிவிட்டது.

ஆகவே உங்கள் ஒப்பந்தத்தில் இரண்டு வரி வேண்டும். போஸ்டரையும் டிரெய்லரையும் வெளியிடுமுன் உங்கள் ஒப்புதல் வேண்டும் என்று ஒன்று. ஒப்புதல் தர மறுத்தால் "கலந்தாலோசித்த பிறகு" என்றாவது போடச் சொல்லுங்கள். குழுவின் சேனல்களும் நடிகர்களின் பக்கங்களும் கன்டென்ட் ஐடியிலிருந்து விலக்கு என்று மற்றொன்று.

ஜூன் 6

"சின்ன ஆள் கட்டணம் கேட்கிறார், அது ஏமாற்று வேலைதானே?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அப்படி ஒரேயடியாகச் சொல்ல முடியாது.

படத்தை வாங்கி, தன் செலவில் வெளியிட்டு, வருமானத்தில் பங்கு தருபவர் விநியோகஸ்தர். படத்தை வெவ்வேறு நாட்டு விநியோகஸ்தர்களுக்கு விற்றுக் கொடுத்துக் கமிஷன் எடுப்பவர் விற்பனை முகவர். ஃபைலைச் சரிபார்த்துத் தளங்களில் ஏற்றிவிடுபவர் மூன்றாவது ரகம், அக்ரிகேட்டர் என்பார்கள். இவரிடம் கட்டணம் இருக்கலாம், அல்லது வருமானத்தில் ஒரு சதவீதம். ஏற்றும் வேலைக்குக் கூலி கேட்பதில் மோசடி ஒன்றும் இல்லை. விநியோகஸ்தர் என்று சொல்லிக்கொண்டு, படத்தின் உரிமையையும் வாங்கிக்கொண்டு, மேலே கட்டணமும் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

பெரிய கம்பெனி உலக உரிமை முழுவதையும் கேட்கிறதென்றால், எந்தெந்த நாட்டில் அவர்களே வெளியிடுகிறார்கள், எங்கெல்லாம் வேறொருவருக்குக் கைமாற்றுவார்கள் என்று கேட்டு வாங்குங்கள். கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு கமிஷன் கழியும்.

கட்டணம் வாங்கும் ஆளிடம் பயப்பட வேண்டியது வேறு. அமெரிக்காவில் டிஸ்ட்ரிபர் என்று ஒரு நிறுவனம் இருந்தது. முன்கட்டணம் வாங்கிக்கொண்டு சுயாதீனப் படங்களைத் தளங்களில் ஏற்றும், வருமானத்தில் பங்கு கேட்காது. காகிதத்தில் அதைவிட நேர்மையான திட்டம் இருக்க முடியாது. 2019-இல் அது நொடித்துப் போனது. தளங்கள் கொடுத்த பணம் அங்கேயே நின்றது, படம் எடுத்தவர்களுக்கு வந்து சேரவில்லை. படத்தை வேறு வழியாக மறுபடி ஏற்றுவது தனித் தலைவலி. கட்டணம் எவ்வளவு என்பதைவிட, தளம் அனுப்பும் பணம் யார் கணக்கில் விழுகிறது, எத்தனை நாளில் உங்களுக்கு வருகிறது என்பதைக் கேளுங்கள்.

ஜூன் 7

"உங்கள் பங்கு 50 சதவீதம்" என்று பெரிய கம்பெனி எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். எதில் 50?

வீட்டிலிருந்து ஒருவர் 100 கொடுத்துப் படத்தை வாடகைக்குப் பார்க்கிறார் என்று வையுங்கள். தளம் 30 எடுத்துக்கொள்ளும், அதுதான் வழக்கமான அளவு. மிச்சம் 70. அதில் விநியோகஸ்தர் கமிஷன் 30 சதவீதம் என்றால் 21 போகும், மிச்சம் 49. நடுவில் விற்பனை முகவர் 20 சதவீதம் எடுத்தால் கிட்டத்தட்ட 10 போய் 39 சொச்சம் நிற்கும். இனிமேல்தான் செலவு கழியும்: போஸ்டர், டிரெய்லர், சப்டைட்டில், தரச்சோதனை, படங்களை வாங்குபவர்களும் விற்பவர்களும் கூடும் திரைப்படச் சந்தைக்குப் போன விமான டிக்கெட், அங்கே தங்கிய ஓட்டல். அதெல்லாம் கழிந்து மிச்சம் இருந்தால் அதில் உங்களுக்குப் பாதி.

சந்தைச் செலவை அவர்கள் கொண்டுபோகும் எல்லாப் படங்கள் மேலும் பகிர்வதாகச் சொல்வார்கள். எப்படிப் பகிர்கிறார்கள் என்று யாரும் காட்ட மாட்டார்கள். அதனால் செலவுக்கு உச்சவரம்பு எழுதாத ஒப்பந்தத்தில் 50 என்றாலும் 90 என்றாலும் எனக்கு ஒன்றுதான். சதவீதத்துக்குச் சண்டை போடுவதை விட்டுவிட்டு வரம்புக்குச் சண்டை போடுங்கள். "இந்தத் தொகைக்கு மேல் செலவு செய்ய எழுத்து மூலம் சம்மதம் வேண்டும்" என்று ஒரே வாக்கியம்.

ஜூன் 9

நீங்கள் எழுதியது: "படம் ரெடி, காகிதமெல்லாம் கையில் இருக்கிறது, யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் பாக்கி."

காகிதம் இருக்கிறதா? நிஜமாகவா? கல்லூரியை விட்டபின் சில காலம் ஒரு சின்ன விற்பனைக் கம்பெனியில் வேலை பார்த்தேன். வரும் படங்களின் ஃபைலையும் ஆவணங்களையும் சரிபார்ப்பதுதான் என் வேலை. மாணவர் படம் என்றால் எனக்கு முதலிலேயே தெரிந்துவிடும்: படம் நன்றாக இருக்கும், ஆவணக் கோப்பு காலியாக இருக்கும்.

முதலில் கல்லூரி. படம் யாருடையது? கல்லூரி கேமராவில், பாடத்திட்டத்துக்காக, மதிப்பெண்ணுக்காக எடுத்திருந்தால் விதிமுறையைத் தேடிப் படியுங்கள். அமெரிக்காவின் யுஎஸ்சி திரைப்படப் பள்ளியில் வகுப்புக்கு எடுக்கும் படங்களின் பதிப்புரிமையைப் பள்ளியே வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. வேறு பள்ளிகளில் மாணவருக்கே. உங்கள் கல்லூரியில் விதியே இல்லையென்றாலும், "எங்களுக்கு உரிமை கோரிக்கை ஏதும் இல்லை" என்று முதல்வர் கையெழுத்துடன் ஒரு கடிதம் வாங்குங்கள்.

அடுத்து நடிகர்கள். சங்க உறுப்பினர் யாராவது நடித்திருந்தால் சங்கத்தின் மாணவர் பட ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். அமெரிக்க நடிகர் சங்கமான சாக்-ஆஃப்ட்ராவின் மாணவர் ஒப்பந்தம், வகுப்பறையிலும் திரைப்பட விழாவிலும் காட்டுவதற்குத்தான் சம்பளச் சலுகை தருகிறது. அதைத் தாண்டி வெளியிட்டால் நடிகருக்குப் பணம் கொடுத்தாக வேண்டும்.

மென்பொருள். சிரிக்காதீர்கள். மாணவர் உரிமத்தில் இலவசமாகவோ சல்லிசாகவோ கிடைத்த சில மென்பொருள்களை வணிக வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அவற்றின் உரிமத்திலேயே இருக்கும். டைட்டில் எழுத்துருவுக்கும் இதே கதை.

கடைசியாக இசை. மாணவர் படங்கள் முக்கால்வாசி இங்கேதான் சாகும். ஒரு பாட்டுக்கு இரண்டு உரிமை வேண்டும்: பாட்டை எழுதி இசையமைத்தவரின் உரிமை ஒன்று, நாம் பயன்படுத்தும் அந்தப் பதிவின் உரிமை ஒன்று. இரண்டும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்களிடம் இருக்கும். விழாக்களுக்கு மட்டும் என்று மலிவாக ஒரு உரிமம் கிடைக்கும், மாணவர்கள் அதை வாங்கிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடுவார்கள். அது ஓடிடிக்குச் செல்லாது.

இதற்கு அமெரிக்க இயக்குநர் சார்ல்ஸ் பர்னெட் கதையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் படித்தபோது, 10,000 டாலருக்கும் குறைவான செலவில் 'கில்லர் ஆஃப் ஷீப்' எடுத்தார். 1977-இல் பட்டத்துக்கான படமாகச் சமர்ப்பித்தார். படம் முழுக்கப் பழைய ப்ளூஸ், ஜாஸ் பாட்டுகள். எதற்கும் வணிக உரிமை வாங்கவில்லை, மாணவர் படம்தானே. 1990-இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் அதைச் சேர்த்தார்கள். நாட்டின் பொக்கிஷம் என்று அந்தப் பதிவேட்டை வைத்திருக்கும் அரசாங்க நூலகமே ஏற்றுக்கொண்டது, ஆனால் தியேட்டரில் முறையாக வெளியிட வழியில்லை. 2007-இல்தான் மைல்ஸ்டோன் என்ற சின்ன விநியோக நிறுவனம் அதைக் கொண்டுவந்தது. இசை உரிமைக்கு மட்டும் 150,000 டாலர் ஆனது. படத்தின் செலவைப் போலப் பதினைந்து மடங்குக்கும் மேல்!

அந்த நிறுவனம் செய்ததைக் கவனியுங்கள். பாட்டுகளை மொத்தமாக வெட்டிவிட்டு மலிவான இசையை ஒட்டவில்லை, உட்கார்ந்து உரிமைகளைத் தேடி வாங்கியது. உங்கள் பெரிய கம்பெனி அதைச் செய்யுமா? "இசை உரிமை அனைத்தும் பெறப்பட்டது என்று தயாரிப்பாளர் உறுதி கூறுகிறார், வழக்கு வந்தால் அவரே பொறுப்பு" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளும். அந்த உட்பிரிவு உங்களிடம் இருப்பதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கும்.

ஜூன் 9, பின்னிரவு

மேலே எழுதியதைப் படித்துவிட்டு யாரும் படத்தைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட வேண்டாம். பாட்டை மாற்றலாம். நண்பர்களில் யாராவது கிடார் வாசிப்பார்கள். எழுதிக் கொடுத்து, உரிமைக் கடிதத்திலும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

ஆனால் பாட்டை மாற்ற வேண்டுமென்றால் வசனம், பின்னணி ஒலி, இசை மூன்றும் தனித்தனித் தடமாக உங்களிடம் இருக்க வேண்டும். வெளிநாட்டில் டப்பிங் செய்பவர்களும் வசனம் இல்லாத தடத்தைக் கேட்பார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்துவிட்டுப் பழைய ப்ராஜெக்டை அழித்துவிட்ட எடிட்டர்கள் உண்டு. அவர்களைப் பற்றித் தனியாக ஒருநாள் எழுதுகிறேன், இப்போது எழுதினால் வார்த்தை தடிக்கும்.

ஜூன் 11

பிள்ளைகள் விஷயம். 18 ஆகாதவர்களுக்குப் பெற்றோர் அல்லது காப்பாளர் கையெழுத்து வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்தத் தாளில் கையெழுத்து வாங்கினீர்கள் என்பதுதான் கேள்வி. "கல்லூரிக் குறும்படத்தில் நடிக்கச் சம்மதம்" என்று இருந்தால் உலகம் முழுக்க, எல்லா ஊடகத்திலும், வணிக வெளியீட்டுக்கு அது போதாது.

அப்போது 16 வயதாக இருந்த பிள்ளைக்கு இப்போது 18 ஆகியிருந்தால், அவரிடமே புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள். சட்டத்துக்கு மட்டுமில்லை. எங்கள் படத்தில் ஒரு பையன் வகுப்பில் எல்லோர் முன்னாலும் அழுவான். அற்புதமான ஷாட், நாலு முறை எடிட் செய்தும் ஒரு ஃபிரேம் குறைக்க மனம் வரவில்லை. வெளியீட்டின்போது கம்பெனி டிரெய்லரின் முதல் காட்சியாக அதைத்தான் வைக்க விரும்பியது. அவன் அப்போது கல்லூரியில் புதிதாகச் சேர்ந்திருந்தான். "படத்தில் இருக்கட்டும் அண்ணா, டிரெய்லரில் வேண்டாம்" என்றான். படத்தில் பார்ப்பவனுக்கு அவன் ஏன் அழுகிறான் என்று தெரியும். டிரெய்லரில் அது வெறும் அழுகிற முகம், யார் வேண்டுமானாலும் வெட்டிக் கேலிப்படம் ஆக்கலாம். நாங்கள் மறுத்தோம், கம்பெனி முனகியது, பிறகு விட்டுக்கொடுத்தது.

விநியோகஸ்தரைப் பார்க்கும்போது இதைக் கேட்டுப் பாருங்கள்: "சிறுவர்கள் நடித்த காட்சிகளை விளம்பரத்தில் பயன்படுத்தும் முன் எங்களைக் கேட்பீர்களா?" தயங்காமல் சரி என்பவர், தயங்குபவர் என்று ஆட்கள் அங்கேயே பிரிந்துவிடுவார்கள்.

ஜூன் 13

கெட்ட வார்த்தை பற்றி யாரோ கேட்டார்கள். பதின்வயதுப் படத்தின் நிரந்தரக் கூத்து இது: அந்த வயதுப் பிள்ளைகள் நிஜமாகப் பேசுவதை வைத்தால், அந்த வயதுப் பிள்ளைகளே பார்க்க முடியாத சான்றிதழ் கிடைக்கும்.

2018-இல் அமெரிக்காவில் 'எய்த் கிரேட்' படத்துக்கு ஆர் சான்றிதழ் கொடுத்தார்கள். எட்டாம் வகுப்புப் பெண்ணின் கதை, 17 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் துணையில்லாமல் போக முடியாது. விநியோகித்த ஏ24 நிறுவனம் ஆகஸ்டு 8 அன்று ஐம்பது மாநிலங்களிலும் மாநிலத்துக்கு ஒரு தியேட்டரில், வயதுக் கட்டுப்பாடு பார்க்காமல் இலவசமாகக் காட்டியது. படம் யாருக்கானதோ அவர்களும் பார்த்தார்கள், செய்தியும் ஆயிற்று. படத்தில் ஒரு வார்த்தையும் வெட்டவில்லை.

நாம் ஏ24 வாசலில் நிற்கப் போவதில்லை, அது தெரியும். பார்வையாளர் யார் என்று யோசித்த விநியோகஸ்தர் எப்படி வேலை செய்வார் என்பதற்குச் சொல்கிறேன். உங்களிடம் கேட்கும் இருவரிடமும் "இந்தப் படத்தை முதலில் பார்க்கப்போகும் நூறு பேர் யார்?" என்று கேளுங்கள். "இளைஞர்கள்" என்ற பதில் பதிலே இல்லை.

இளைஞர்கள் என்றால் வாடகைக்குப் பணம் கட்டுகிறவர்களா? அந்த வயதில் சொந்த அட்டை ஏது? விளம்பரத்தோடு இலவசமாகக் காட்டும் தளங்களில்தான் அவர்கள் இருக்கிறார்கள். அல்லது பள்ளியில், நூலகத்தில். பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் படம் கொடுப்பது தனிச் சந்தை. அங்கே திரையிடல் உரிமத்தோடு விற்பார்கள், கனோபி போன்ற நூலகத் தளங்களும் உண்டு. பெரிய கம்பெனிகள் பலவும் இந்த உரிமையை "எல்லா உரிமை"யோடு சேர்த்து வாங்கிவைத்துக்கொண்டு தொட்டுக்கூடப் பார்க்காது. இதை நீங்களே வைத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள்.

ஜூன் 14

"பேசாமல் யூடியூபில் போட்டுவிட்டால் என்ன?"

போடலாம். விழாக்கள் முடிந்த பிறகு. பல விழாக்கள் ஏற்கெனவே இணையத்தில் வெளியான படத்தை எடுக்காது, விநியோகஸ்தரும் "இலவசமாகக் கிடைப்பதை நான் எப்படி விற்பது" என்பார். வரிசை மாறினால் பிறகு சரிசெய்ய முடியாது.

யூடியூபில் போடும்போது, "குழந்தைகளுக்கானது" என்ற கட்டம் இருக்கிறதே, 2020 ஜனவரி முதல் எல்லோரும் நிரப்ப வேண்டியது, அதில் பதறிப்போய் 'ஆம்' என்று குறிக்காதீர்கள். அது 13 வயதுக்குக் குறைந்தவர்களைக் குறிவைத்த காணொளிகளுக்கு. அதைத் தட்டினால் கருத்துப் பகுதி மூடிக்கொள்ளும், தனிப்பட்ட விளம்பரமும் நின்றுவிடும். பள்ளிக்கூடம் வந்தாலே குழந்தைப் படம் என்று நினைத்து இதைத் தட்டிவிடும் விநியோக அலுவலகங்களும் உண்டு.

ஜூன் 17

பெரிய கம்பெனி மேல் நான் ரொம்பக் காய்கிறேன் என்று ஒருவர் வருத்தப்பட்டிருக்கிறார். சரி, மறுபக்கத்தையும் வைக்கிறேன்.

சில தளங்கள் தனி ஆளிடமிருந்து படம் வாங்காது, பழகிய கம்பெனி வழியாகத்தான் போக வேண்டும். தளங்களின் வாசலும் திடீர் திடீரென்று சாத்தும். அமேசானின் நேரடி ஏற்றும் சேவை, தான் கேட்காமல் வரும் குறும்படங்களையும் ஆவணப்படங்களையும் ஏற்பதை 2021-இல் அப்படித்தான் நிறுத்தியது. படத்தின் மேல் உரிமை வழக்கு வந்தால் ஈடு கட்டும் பிழை-விடுபாட்டுக் காப்பீடு கேட்கும் இடங்கள் உண்டு, ஈ அண்ட் ஓ என்பார்கள். மாணவர் தனியாக வாங்கினால் கை சுடும், கம்பெனியின் பொதுக் காப்பீட்டில் சேர்த்துக்கொண்டால் மலிவு. ஆகவே பெரியவர்களால் பிரயோசனம் இருக்கிறது.

ஆனாலும் அளவைவிட ஆள் முக்கியம் என்றுதான் எனக்குப் படுகிறது. அமெரிக்க இயக்குநர் டேவிட் லிஞ்ச் ஏஎஃப்ஐ திரைப்படப் பள்ளியில் மாணவராக இருந்தபோது ஆரம்பித்த 'இரேசர்ஹெட்' 1977-இல் முடிந்தது. அதை எடுத்த பென் பாரன்ஹோல்ட்ஸ் பெரிய ஸ்டுடியோ ஆள் இல்லை. 1970-களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் எல்ஜின் தியேட்டரில் நள்ளிரவுக் காட்சிகளை நடத்திப் பழகியவர். இந்த விசித்திரப் படத்துக்கும் நள்ளிரவுதான் நேரம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நள்ளிரவுக் காட்சியாகவே போட்டார். மெதுவாக ஆள் சேர்ந்தது. பெரிய ஸ்டுடியோ கையில் போயிருந்தால் முதல் வாரத்திலேயே தூக்கியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

உங்கள் சின்ன ஆள் பாரன்ஹோல்ட்ஸா என்று எனக்குத் தெரியாது. படத்தைக் கடைசிவரை பார்த்தாரா என்று முதலில் கேளுங்கள். இது கிண்டல் இல்லை. படத்தைப் பார்க்காமலே ஒப்பந்தம் அனுப்பும் இடங்கள் இருக்கின்றன. நடுவில் வரும் ஒரு காட்சியைப் பற்றிப் பேச்சை எடுத்துப் பாருங்கள், முகத்தில் தெரிந்துவிடும்.

ஜூன் 20

நீங்கள் அனுப்பிய ஒப்பந்த நகலைப் பார்த்தேன். 14-ஆம் பிரிவு: ஒப்பந்தக் காலம் முடிந்ததும் "இரு தரப்பிலும் ஆட்சேபணை இல்லாவிட்டால் தானாகவே நீட்டிக்கப்படும்". ஆட்சேபணையை 180 நாட்களுக்கு முன் எழுத்தில் தர வேண்டுமாம். 15 வருடம் கழித்து, அந்தத் தேதியை யார் ஞாபகம் வைத்திருப்பது? அடியுங்கள்.

அதற்குப் பதிலாக இதைக் கேளுங்கள்: கையெழுத்தான 12 மாதத்துக்குள் வெளியிடாத நாட்டின் உரிமை உங்களுக்குத் திரும்ப வேண்டும். கம்பெனி நொடித்தாலோ வேறொருவருக்கு விற்கப்பட்டாலோ படம் திரும்ப வேண்டும். நொடித்த பிறகு இந்தப் பிரிவு எல்லா நாட்டு நீதிமன்றத்திலும் செல்லுமா என்பதை ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அங்கே சட்டம் ஊருக்கு ஊர் மாறும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு, வருமானம் பூஜ்யமாக இருந்தாலும் அனுப்ப வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமை.

"இதையெல்லாம் கேட்டால் படத்தையே எடுத்துக்கொள்ள மாட்டோம் என்பார்களே?" என்று பயப்படுகிறீர்கள். இவற்றில் எதற்கும் அவர்களுக்குப் பணம் செலவில்லை. வருடத்திலும் செலவு வரம்பிலும் மட்டும் பிடிவாதமாக இருங்கள், மற்றதில் ஏற்ற இறக்கம் பார்க்கலாம்.

ஜூன் 24

பெரிய கம்பெனி 15-ஐ 10 ஆக்கியது, செலவு வரம்புக்கு ஒப்புக்கொள்ளவில்லை. சின்ன ஆள் 3 வருடம், தனக்கு மட்டும் என்று உரிமை கேட்கவில்லை, கட்டணத்தில் பாதியை வரும் பணத்திலிருந்து கழித்துக்கொள்ளச் சம்மதம், படத்தை இரண்டு முறை பார்த்திருக்கிறார். இப்படி எழுதியிருக்கிறீர்கள்.

நானாக இருந்தால் சின்ன ஆள். பள்ளி, நூலக உரிமையை அவரிடமும் கொடுக்க மாட்டேன். தளங்களிலிருந்து வரும் பணம் அவருடைய தொழில் கணக்கில் கலக்காமல் தனிக் கணக்கில் விழ ஏற்பாடு கேட்பேன். முடியாது என்றால் மாதாமாதம் அனுப்பச் சொல்வேன்.

கல்லூரிக் கடிதம் இன்னும் வரவில்லை என்று கீழே சின்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது வரும்வரை எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம், மாஸ்டர் ஃபைலையும் யாருக்கும் அனுப்ப வேண்டாம். பார்க்க வேண்டும் என்று கேட்டால், வாட்டர்மார்க் போட்ட லிங்க் போதும்.